சோதனைக்கு வந்த வழக்கு: நீதியரசர் அன்னா சாண்டி

திருவிதாங்கூர் சமஸ்தான வரலாற்றில் 1936, 1937 ஆகிய ஈராண்டுகளும் தனிக் கவனத்திற்குரியவை. 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. அதுவரை கோயில் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்கள் உள்ளே நுழைந்தனர். அச்செய்தி இந்தியா முழுவதும் பரவிற்று. காந்தியடிகள் நேரில் வந்து வாழ்த்தினார். அடுத்த ஆண்டில் அதே அரசின் நீதித்துறையில் நிகழ்ந்த நியமனம் ஒன்று அத்துணை ஆரவாரத்தை எழுப்பவில்லை. அன்னா சாண்டி என்னும் முப்பத்திரண்டு வயதுப் பெண் வழக்கறிஞர் முன்சீப்பாக அமர்த்தப்பட்டார். இந்தியாவில் பெண்ணொருவர் நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தது அதுவே முதன்முறை.

முன்சீப் என்னும் சொல் தமிழ் இலக்கிய அன்பர்களுக்குப் புதிதன்று. தமிழின் முதல் புதினத்தை 1879இல் அளித்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையை முன்சீப் என்ற அடைமொழியின்றி நினைப்பது அரிது. கடன் வழக்கு, வரப்புத் தகராறு, குடிவாரச் சச்சரவு, கூட்டுச் சொத்துப் பிரிவினை என்று ஊரின் அன்றாடப் பூசல்கள் அனைத்தும் முதலில் வந்து சேர்வது முன்சீப்பின் மேசைக்கே. நீதித்துறை என்னும் ஏணியின் கீழ்ப்படி அது. ஆயினும் பொதுமக்கள் நீதியின் முகத்தைக் கண்கூடாகக் காணும் இடமும் அதுவே. வேதநாயகம் பிள்ளை பெண் கல்விக்காக நூல் எழுதியவர். பெண்களின் அறிவாற்றலில் அசையாத நம்பிக்கை கொண்டவர். அவருங்கூடத் தாம் வகித்த அந்த ஆசனத்தில் ஒருநாள் ஒரு பெண் அமர்வார் என்று கற்பனை செய்திருப்பாரா என்பது ஐயமே. அவருடைய புதினம் வெளிவந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தபின் அது நடந்தது. தமிழகத்தில் அன்று, தென்குமரியை அணைத்துக் கிடந்த அண்டை அரசில்.

அண்டை அரசு என்று சொல்வதும் முற்றிலும் பொருந்தாது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தமிழ் வழங்கும் வட்டங்கள் 1956 நவம்பர் முதல் நாள்வரை அந்நிலப்பகுதியோடுதான் இணைந்திருந்தன. பெண்ணின் மானம் பற்றிய கொடிய போராட்டம் ஒன்று நிகழ்ந்த மண்ணும் அதுவே. நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1820களில் தொடங்கிய கலகம் 1859இல் வெளியிடப்பட்ட அரசாணைக்குப் பிறகே ஓரளவு தணிந்தது. மேலாடைக்கும் அரசாணை வேண்டியிருந்த நாட்டில், எழுபத்தெட்டு ஆண்டுகளில் ஒரு பெண் நீதிபதியின் உடையை அணிந்தார். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து வியப்பது எளிது. ஆனால் மேலாடைக்காக அடியுண்ட பெண்களும் நீதிபதியான பெண்ணும் ஒரே படியிலிருந்து புறப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் மறத்தலாகாது. அன்னா சாண்டி சிரியன் கிறித்தவச் சமூகத்தைச் சேர்ந்தவர். கல்வியும் செல்வாக்கும் முன்னரே எட்டியிருந்த சமூகம் அது.

அச்சமூகத்திலுங்கூடப் பெண்ணுக்கு அளந்து கொடுத்த பங்கு மிகச் சிறிது. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை உயில் எழுதாது இறந்தால் மகனுக்குக் கிடைக்கும் பங்கில் நான்கில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், இவ்விரண்டில் எது குறைவோ அதுவே மகளுக்கு உரியது. அதுவும் சீதனம் என்ற பெயரில் தரப்படுவது. மருமக்கள்தாய முறையைக் கைக்கொண்ட நாயர் குடும்பங்களில் தறவாட்டுச் சொத்து பெண்வழியே இறங்கிக்கொண்டிருந்த அதே நாட்டில், அடுத்த வீட்டுக் கிறித்தவப் பெண்ணின் நிலை இது.

அன்னா 1905 மே 4ஆம் நாள் பிறந்தார், வளர்ந்தது திருவனந்தபுரத்தில். தந்தையை மிக இளமையிலேயே இழந்த அவரையும் அவருடைய சகோதரியையும் வளர்த்து ஆளாக்கியவர் தாயார். ஒரு பெண் உழைத்து ஈட்டினால் குடும்பம் நிமிரும் என்னும் உண்மையை அன்னா நூல்களில் படித்து அறியவேண்டிய தேவை இருக்கவில்லை எனலாம். பட்டமேற்படிப்பை முடித்தபின் அவர் சட்டம் பயின்றார். கேரளத்தில் சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண் என்னும் சிறப்பு அவருக்கு உரியது. ஆண்களே நிறைந்திருந்த வகுப்பறையில் கேலிக்கும் கிண்டலுக்கும் குறைவிருக்கவில்லை. அவருடைய கணவர் பி.சி. சாண்டி காவல்துறை அதிகாரி. மனைவியின் படிப்பையும் தொழிலையும் தடுக்காதவர் மட்டுமல்லர், துணைநின்றவருமாவார். 1920களின் இறுதியில் அன்னா வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் விரைவிலேயே பெயர் பெற்றார்.

அக்காலத்தில் இந்தியாவின் பிற பகுதிகளில் நிலை எவ்வாறிருந்தது என்பதையும் நோக்கவேண்டும். 1916இல் ரெஜினா குகா என்னும் பெண்மணி வழக்கறிஞராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தபோது கல்கத்தா உயர்நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1921இல் சுதான்சுபாலா ஹஸ்ராவைப் பாட்னா உயர்நீதிமன்றம் அவ்வாறே திருப்பியனுப்பிற்று. சட்டத்தில் வழக்கறிஞரைக் குறிக்கும் சொல் ஆண்பாற் சொல் என்பதே அம்மறுப்புகளின் அடிப்படை. இலக்கணம் கற்றோர் இதை எண்ணிப் பார்க்கலாம். ஓர் ஆண்பால் விகுதி எத்தனை பெண்களின் வாழ்வை வாசலிலேயே நிறுத்தி வைத்தது! அலகாபாத் உயர்நீதிமன்றம் 1921இல் கர்னீலியா சொராப்ஜியை ஏற்றது. 1923இல் வந்த தனிச்சட்டமே பிரிட்டிஷ் இந்தியாவில் பெண்களுக்கு அத்தொழிலின் கதவைத் திறந்தது. அதிலிருந்து பதினான்கே ஆண்டுகளில் ஒரு பெண் வழக்காடும் பக்கத்திலிருந்து தீர்ப்பளிக்கும் பக்கத்திற்குச் சென்றது சுதேச சமஸ்தானம் ஒன்றில்தான்.

திருவிதாங்கூருக்கு இத்துணிவு எவ்வாறு வந்தது? 1924 முதல் 1931வரை ஆட்சிப் பொறுப்பை வகித்தவர் மகாராணி சேது லட்சுமிபாய். மருத்துவத்துறையின் உயர்பொறுப்பு மேரி பூனன் லூக்கோஸ் என்னும் பெண் மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது அவர் காலத்தில்தான். பெண்கள் படித்தனர், பட்டம் பெற்றனர், அடுத்ததாக வேலை கேட்டனர். படிப்பதுவரை பொறுத்துக்கொண்ட சமூகம் வேலை கேட்டபோது முகம் சுளித்தது. படித்த ஆண்களுக்கே உத்தியோகம் கிடைக்காத நிலையில் பெண்களும் போட்டிக்கு வருவதா என்பதே மெய்யான குமுறல். அது குடும்ப நலம், தாய்மை, பண்பாடு என்னும் பட்டாடைகளைப் போர்த்துக்கொண்டு மேடையேறிற்று.

அப்படிப்பட்ட மேடை ஒன்றிலேதான் அன்னா சாண்டியின் பெயர் முதன்முதலில் நாடறிய ஒலித்தது. 1920களின் இறுதியில் திருவனந்தபுரத்தில் நடந்த கூட்டம் அது. பெண்களுக்கு அரசு வேலை தரலாகாது என்று வாதிட்டவர் சாதாரணமானவர் அல்லர், டி.கே. வேலுப்பிள்ளை. கற்றறிந்தவர், வழக்கறிஞர், பின்னாளில் 1940இல் வெளிவந்த திருவிதாங்கூர் அரசுக் கையேட்டின் ஆசிரியர். அவருக்கு மறுமொழி சொல்ல எழுந்த அன்னா சினந்து பேசவில்லை; கண்ணீரும் விடவில்லை. எதிராளியின் பேச்சையே ஒரு பிராதாக எடுத்துக்கொண்டார். வாதி தாக்கல் செய்துள்ள விரிவான மனுவை வாசித்துப் பார்த்ததில், பெண்கள் என்போர் ஆடவரின் இல்லற இன்பத்துக்கெனப் படைக்கப்பட்ட பிராணிகள் என்றும், அவர்கள் அடுக்களை என்னும் திருக்கோயிலைவிட்டு வெளியேறினால் குடும்ப இன்பம் கெடும் என்றும், ஆகவே அவர்கள் வேலை தேடும் முயற்சிகளையெல்லாம் தடைசெய்ய வேண்டும் என்றும் வாதி வேண்டுகிறார் என்னும் பொருள்படத் தொடங்கி, மனுவின் ஒவ்வொரு பத்தியாக உடைத்துச் சென்றார்.

எதிராளியின் கருத்தை வெட்டுவதற்கு முன் அதை அவன் சொன்னதைவிடத் தெளிவாகச் சொல்லிக்காட்டுவது பழைய தருக்க நூலார் கையாண்ட முறை. தமிழில் பரபக்கம் கூறிப் பின் சுபக்கம் நிறுவுவது என்று நாம் அறிவோம். அன்னா கையாண்டது அதையே. அதன்மேல் நகைச்சுவையை மெல்லிய பூச்சாகத் தடவினார். பெண் ஈட்டும் பொருள் துன்பக் காலத்தில் குடும்பத்தைக் காக்கும் என்றார். மணமாகாத பெண்களுக்கு மட்டும் வேலை தருவோம் என்று சமரசம் பேசியவர்களிடம், அவ்வாறாயின் சில பெண்கள் மணமே வேண்டாமென்று இருந்துவிடக்கூடும் என்று சுட்டினார். அவ்வுரை அச்சேறிப் பரவிற்று. மலையாளப் பெண்ணெழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் இன்றும் தவறாது எடுத்துக்காட்டும் உரைநடைத் துண்டு அது. கவிதையே இலக்கியமென்று கருதும் வழக்கம் நம்மிடையே மிகுதி. ஒரு நல்ல வாதமும் இலக்கியமாகும் என்பதற்கு இவ்வுரை சான்று.

எழுதுகோலை அவர் அத்தோடு வைத்துவிடவில்லை. ‘ஸ்ரீமதி’ என்னும் மலையாள இதழைத் தொடங்கி ஆசிரியராக நடத்தினார். கதையும் வீட்டுக் குறிப்பும் நாடுகின்ற வாசகியருக்கு அவற்றைக் கொடுத்தபடியே, உரிமை, கூலி, சட்டம் என்று பேச இடம் பிடித்துக்கொண்டது அவ்விதழ். ஒரு புறம் வக்கீல் தொழில், மறுபுறம் இதழாசிரியப் பணி.

1931இல் ஸ்ரீமூலம் பிரஜா சபைத் தேர்தலில் அவர் நின்றார். அங்கே அவர் சந்தித்தது வேறுவகை எதிர்வாதம். கருத்தை எதிர்க்க இயலாதவர்கள் ஒழுக்கத்தின் மீது சேற்றை வாரியிறைத்தனர். அரசாங்க உயர் அதிகாரிகளோடு அவரை இணைத்துப் பேசினர்; துண்டுப் பிரசுரங்கள் அச்சடித்தனர்; சுவர்களில் எழுதினர். பத்திரிகைகள் சிலவும் பகைமை காட்டின. அன்னா தோற்றார். தோற்ற வேட்பாளர்கள் வழக்கமாக மௌனம் காப்பார்கள். அதிலும் பெண்ணாக இருந்து இத்தகைய அவதூறுக்கு ஆளானவர் வீட்டுக்குள் முடங்கிவிடுவார் என்பது எறிந்தவர்களின் கணக்கு. அவரோ தம் இதழின் தலையங்கத்திலேயே அந்த அவதூறை எடுத்துப் பேசினார். மறைக்க ஏதுமில்லாதவர் கைக்கொள்ளும் வழி அது. அடுத்த முறை நின்று வென்றார். 1932 முதல் 1934வரை சபையில் உறுப்பினராக விளங்கினார்.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்கவேண்டும். முதன்மை பெற்ற பெண்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் எட்டிய பதவிகளையும் ஆண்டுகளையும் அடுக்கிவிட்டு முடித்துக்கொள்வது மலர்க் கட்டுரைகளின் வழக்கமாகிவிட்டது. அன்னா சாண்டியை அவ்வாறு அடுக்கினால் அவர் கையிலிருந்து நழுவிவிடுவார். பதவிக்கு முன்பே அவர் சொல்லிவைத்தவை பதவியைக் காட்டிலும் பெரியவை. 1935இல் அவர் எழுப்பிய இரு வினாக்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, உடலைப் பற்றியது. மலையாள நாட்டுச் சகோதரிகளுக்குச் சொத்துரிமை வந்தது, வாக்குரிமை வந்தது, வேலையும் மதிப்பும் வந்தன. தம் உடலின் மீது உரிமையுடையவர்கள் எத்தனை பேர் என்று அவர் கேட்டார். பெண்ணுடல் ஆடவரின் இன்பத்துக்கான கருவி என்னும் மூட எண்ணம் எத்தனை பெண்களைத் தாழ்வுணர்ச்சியின் ஆழத்தில் தள்ளியிருக்கிறது என்றார். (சொத்துரிமை வந்துவிட்டது என்னும் பகுதி அவர் பிறந்த சமூகத்துப் பெண்களுக்கு அன்று பொருந்தவில்லை என்பது மேலே சொன்ன 1916ஆம் ஆண்டுச் சட்டத்தால் விளங்கும்.) அவ்வாண்டு இறுதியில் அகில இந்திய மாதர் மாநாடு திருவனந்தபுரத்தில் கூடிற்று. குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்தின் முன்னோடியான அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் சாங்கர் அதில் கலந்துகொண்டார். கருத்தடை பற்றிய அறிவைப் பெண்களுக்கு அளிக்க வேண்டுமென்ற தீர்மானத்தைக் கிறித்தவப் பிரதிநிதிகள் பலர் எதிர்த்தனர். அன்னா தம் சமயத்தவரோடு நில்லாமல் தீர்மானத்தின் பக்கம் நின்றார். தமிழகத்தில் தந்தை பெரியார் கர்ப்பத்தடை பற்றி எழுதியும் பேசியும் வந்த அதே ஆண்டுகள் இவை. இருவரும் ஒருவரையொருவர் சார்ந்து பேசியதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரு காலத்தின் காற்று இரு கரைகளிலும் வீசிற்று.

இரண்டாவது வினா இன்னும் கூர்மையானது. திருவிதாங்கூர்ச் சட்டம் பெண்களுக்குத் தூக்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளித்திருந்தது. அன்னா அந்த விலக்கை எதிர்த்து எழுதினார். பெண்ணுரிமை பேசுபவர் பெண்ணின் கழுத்துக்குக் கயிறு கேட்பதா என்று பலர் திடுக்கிட்டிருப்பர். அவருடைய தருக்கம் வேறு. சமம் என்று கேட்பவர் சலுகையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாகாது. பெண் தன் செயலுக்குப் பொறுப்பேற்க வல்லவள் அல்லள் என்னும் எண்ணமே அந்த இரக்கத்தின் அடியில் இருக்கிறது. குழந்தைக்குக் காட்டும் இரக்கம் அது. குற்றத்துக்குப் பொறுப்பில்லாதவள் என்று இரங்குகிறவர்கள் பதவிக்கும் பொறுப்பில்லாதவள் என்று நாளை சொல்வார்கள். இத்தருக்கத்தை ஏற்கலாம், மறுக்கலாம். மரண தண்டனையே கூடாது என்று கருதுவோர், ஆணுக்கும் அது வேண்டாம் என்று கேட்பதன்றோ சமத்துவம் என்று மறுமொழி சொல்லலாம். அம்மறுமொழியே வலிமையுடையது என்று தோன்றுகிறது. வரலாறும் அவ்வழியே ஒருமுறை திரும்பிற்று. 1944இல் திருவிதாங்கூர் மரண தண்டனையையே நீக்கியது. இந்தியாவோடு இணைந்தபின் அது மீண்டும் வந்தது. ஆனால் தம் தரப்புக்கு நன்மை தரும் சலுகையைத் தாமே வேண்டாமென்று சொல்லும் நேர்மை வழக்கறிஞர்களிடமும் அரசியலாரிடமும் அரிதாகக் காணப்படுவது.

சர் சி.பி. இராமசாமி ஐயர் திவானாகப் பொறுப்பேற்றது 1936 அக்டோபரில். வந்தவாசியில் பிறந்த அந்தத் தமிழரின் பெயர் கேரளத்தில் இன்றும் இருவேறு விதமாக உச்சரிக்கப்படுகிறது. ஆலயப் பிரவேசமும் பல்கலைக்கழகமும் ஒரு புறம். 1946இல் புன்னப்புரை, வயலாரில் சிந்திய குருதி மறுபுறம். அன்னா சாண்டியை முன்சீப்பாக அமர்த்தியவர் அவரே. ஒருவருடைய ஆட்சியில் ஒளியும் இருளும் கலந்திருக்கும்போது ஒன்றைக்கொண்டு மற்றதை மறைப்பது வரலாற்றெழுத்துக்கு அழகன்று.

நீதிமன்றத்தில் முதன்முதலாக நுழைந்த நாளின் மனநிலையை அன்னா பின்னாளில் தம் ‘ஆத்மகத’யில் பதிவு செய்திருக்கிறார். அந்நூல் 1973இல் வெளிவந்தது. உள்ளூர நடுக்கம் இருந்ததை அவர் மறைக்கவில்லை. தாம் ஒரு சோதனைப் பொருள் என்பதை அவர் அறிந்திருந்தார். தாம் தடுமாறினால் கெடுவது தம் ஒருவரின் பணிவாழ்வு மட்டுமன்று, பெண்குலத்தின் வழக்கே தோற்கும் என்று எண்ணி உறுதி பூண்டதாக எழுதியுள்ளார். ஆண் முன்சீப் ஒருவர் தவறாகத் தீர்ப்பளித்தால் மேல்முறையீட்டில் அது திருத்தப்படும். யாரும் ஆண்கள் நீதிபதியாகலாமா என்று கேட்கமாட்டார்கள். பெண் முன்சீப் தவறினால் அத்தவறு அவருடைய பெயரால் அறியப்படாது, பெண் என்னும் சொல்லால் அறியப்படும். அந்தச் சுமையோடு பல்லாண்டு காலம் நாள்தோறும் காலையில் ஆசனமேறிய பெண்மணி அவர்.

சோதனை வெற்றி பெற்றது. 1948இல் மாவட்ட நீதிபதியாக உயர்ந்தார். சமஸ்தானம் மறைந்தது, 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி அமைந்தது, 1956இல் கேரளம் பிறந்தது, தமிழ் வட்டங்கள் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்தன. அரசுகள் இவ்வாறு மாறிக்கொண்டிருக்க, நீதிபதி தம் ஆசனத்திலேயே இருந்தார். 1959 பிப்ரவரி 9ஆம் நாள் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியாகப் பதவியேற்றார். இந்தியாவின் உயர்நீதிமன்றம் எதிலும் அதற்கு முன் பெண் நீதிபதி இருந்ததில்லை. நம் நாட்டுக்குச் சட்ட முறையைக் கற்றுக்கொடுத்ததாகப் பெருமைகொள்ளும் இங்கிலாந்தில், உயர்நீதிமன்றத்திற்கு எலிசபெத் லேன் என்னும் முதல் பெண் நீதிபதி வந்தது 1965இல்தான். அன்னா சாண்டி 1967 ஏப்ரல் 5ஆம் நாள்வரை எட்டாண்டுகள் அப்பதவியில் இருந்தார். ஓய்வுக்குப் பின் இந்தியச் சட்ட ஆணையத்திலும் பணியாற்றினார். 1996 ஜூலை 20ஆம் நாள், தொண்ணூற்றொன்றாம் வயதில் மறைந்தார்.

அவர் பணியாற்றிய காலம் முழுவதும் அந்த 1916ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமும் நடைமுறையில் இருந்துகொண்டேயிருந்தது என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி. நீதிபதியாகக் கோலோச்சிய பெண்ணுக்கும் மகள் என்ற முறையில் மகனின் பங்கில் கால்பங்கே என்று அச்சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. மேரி ராய் என்னும் பெண்மணி தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1986இல்தான் அதைத் தள்ளிற்று. 1951ஆம் ஆண்டிலிருந்தே இந்திய வாரிசுரிமைச் சட்டம் அங்கே செல்லும் என்று தீர்ப்புக் கூறிற்று. முப்பத்தைந்து ஆண்டுகள் செத்த சட்டமொன்று உயிருள்ளதுபோல் நடமாடியிருக்கிறது! அன்னா சாண்டிக்கு அப்போது எண்பது வயது கடந்திருந்தது.

அவர் காட்டிய வழி யாருடைய கண்ணில் பட்டது என்பதையும் கூறவேண்டும். பத்தனம்திட்டையில் மீரா சாகிபு என்னும் இசுலாமியர் ஒருவர் தம் மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று சிந்தித்துக்கொண்டிருந்தார். மகள் வேதியியல் பட்டம் பெற்றவர். அதிலேயே மேற்படிப்புக்குச் செல்ல எண்ணியிருந்தார். அன்னா சாண்டியின் வெற்றியைக் கண்ட தந்தை, சட்டம் படி என்றார். அந்த மகள் 1950இல் வழக்கறிஞரானார். 1958இல் முன்சீப் ஆனார். 1974இல் மாவட்ட நீதிபதி, 1983இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி என்று படிப்படியாக ஏறி, 1989 அக்டோபர் 6ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகப் பதவியேற்றார். அவர்தாம் எம். பாத்திமா பீவி. சென்னை உயர்நீதிமன்றத்திற்கு முதல் பெண் நீதிபதியாகப் பத்மினி ஜேசுதுரை வந்ததும் 1986இல்தான். கேரளம் 1959இல் செய்ததைச் செய்யச் சென்னைக்கு இருபத்தேழு ஆண்டுகள் பிடித்தன. உச்சநீதிமன்றத்தின் கணக்கோ இன்னும் மெத்தனமானது: 1950இல் தோன்றிய அம்மன்றத்தில் 2021 இறுதிவரை நீதிபதிகளான பெண்கள் 11 பேர் மட்டுமே. அவர்களுள் தமிழகத்தில் மாவட்ட நீதிபதியாகப் பணிதொடங்கியவரான ஆர். பானுமதியும் ஒருவர்.

பாத்திமா பீவி அம்மையார் தமிழ் மக்களுக்கு நீதிபதியாக அன்றி ஆளுநராகவே அறிமுகமானார். 1997 சனவரி முதல் 2001 சூலைவரை அவர் தமிழகத்தின் ஆளுநர். அப்பதவிக்காலத்தின் முடிவு கசப்பானது. 2001 மே மாதத்தில், தேர்தலில் நிற்கும் தகுதியிழந்திருந்த செல்வி ஜெயலலிதாவை முதலமைச்சராகப் பதவியேற்கச் செய்தார். அந்நியமனம் செல்லாதென்று உச்சநீதிமன்றம் அவ்வாண்டு செப்டம்பரில் தீர்ப்பளித்தது. சூன் இறுதியில் கலைஞர் கருணாநிதி நள்ளிரவில் கைது செய்யப்பட்டதை அடுத்து, ஆளுநரைத் திரும்ப அழைக்க மத்திய அரசு முடிவெடுத்தது. அவர் பதவி விலகினார். முதலாவதாக வந்த பெண் என்பதற்காக அவர் எடுத்த முடிவுகளைத் தட்டிக்கேட்காமல் விடுவது, அன்னா சாண்டி வேண்டாமென்று தள்ளிய அதே இரக்கத்தை அவருக்குக் காட்டுவதாகும்.

அவ்வாளுநர் பதவிக்காலத்திலேதான் அன்னாவின் 1935ஆம் ஆண்டு வினா எதிர்பாராத வடிவில் திரும்பி வந்தது. இராஜீவ் காந்தி கொலை வழக்கில் நால்வரின் தூக்குத் தண்டனையை உச்சநீதிமன்றம் 1999 மே மாதத்தில் உறுதி செய்தது. நால்வருள் நளினி பெண். அவர்களுடைய கருணை மனுக்களை ஆளுநர் பாத்திமா பீவி 1999 அக்டோபரில் தள்ளுபடி செய்தார். அமைச்சரவையின் ஆலோசனையைப் பெறாமல் ஆளுநர் முடிவெடுக்கலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் அடுத்த மாதமே அவ்வாணையை நீக்கியது. மனுக்கள் அமைச்சரவைக்குச் சென்றன. சிறையில் பிறந்த பெண் குழந்தைக்குத் தாய் என்பதைக் கருதி நளினியின் தண்டனையை மட்டும் ஆயுள் தண்டனையாகக் குறைக்கலாம் என்று அமைச்சரவை பரிந்துரைத்தது. 2000 ஏப்ரலில் பாத்திமா பீவி அதற்கு ஒப்புதல் அளித்துக் கையெழுத்திட்டார்.